போகும் தூரமும் வரும் தூரமும்

நீர் வாரியத் தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கழிவறைக்கும் ஓடாத லிப்ட்டுக்கும் நடுவே தூர நிர்ணயப் பிரிவு இருக்கிறது. தண்ணீர் விடுகிற வாரியத்துக்குத் தூரத்தை நிர்ணயிக்கப் பிரிவு எதற்கு என்று கேட்பவர்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். முன்னொரு சமயம் ஊழியர் ஒருவர் வெளிநாட்டில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் விடுப்பில் போனார். இரண்டு வருடம் கழித்து இரண்டு குழந்தைகளோடு திரும்பி வந்து, வழியில் தாமதமாகிவிட்டது என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். வாரியம் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் இனி யாருக்கும் வழியில் தாமதம் ஆகக் கூடாது என்று முடிவு செய்தது.

அன்றிலிருந்து ஊழியர்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அந்தப் பிரிவின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. வெளிநாடு போக வேண்டியவர் மனு கொடுக்க வேண்டும். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று பிரிவு ஆராய்ந்து சான்று தரும். பிறகு அலமாரி திறக்கும். இதுவரை அது பாஸ்போர்ட்டை உள்ளே வைப்பதற்கு மட்டுமே திறந்திருக்கிறது.

இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாமல்தான் திங்கட்கிழமை காலை பம்ப் ஆபரேட்டர் அந்த மாடிக்கு ஏறி வந்தார். ஊருக்கு வெளியே இருக்கிற பம்ப் ஹவுஸில் காலை நாலரைக்கும் மாலை நாலரைக்கும் வால்வைத் திறந்து தண்ணீர் விடுவது அவர் வேலை. அவருடைய அக்கா உலகத்தின் மறு கோடியில், ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். புருஷன் போன பிறகு அங்கே தனி ஆள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்கு இருதய ஆபரேஷன். அதே வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அங்கே இறங்குகிற விமானத்தில் ஆபரேட்டர் டிக்கெட் எடுத்துவிட்டார். அதை விட்டால் அடுத்த விமானம் ஞாயிற்றுக்கிழமைதான்.

முந்தின நாள் ஞாயிறன்று போனில் அக்கா சொன்னாள். "உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்டா."

"போறேன்னு சொல்லாதக்கா. போயிட்டு வரேன்னு சொல்லு."

"போறதுதான்டா என் கையில இருக்கு" என்றாள் அவள்.

அம்மா செத்தபோது ஆபரேட்டருக்கு நாலு வயது. தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தது, பொய் சொன்னால் முதுகில் ஒன்று வைத்தது எல்லாமே அக்காதான். அந்தக் குரலில் பயத்தை அவர் அதுவரை கேட்டதே இல்லை. அன்று கேட்டார்.

மனுவை வாங்கிப் படித்த எழுத்தரின் விரல் ஒரு வரியில் நின்றது.

"அக்காவைப் பார்க்கப் போய்விட்டு வருகிறேன். இது என்ன?"

"அக்காவுக்கு ஆபரேஷன் சார்."

"அதக் கேக்கல. போய்விட்டு, வருகிறேன். ரெண்டு வேலை இருக்கே இதுல."

"அப்படித்தானே சார் சொல்லுவோம்?"

"வீட்டுல சொல்லுங்க. இங்க போற தூரம் வேற, வர்ற தூரம் வேற. போறதுக்கு ஒரு மனு, வர்றதுக்கு ஒரு மனு. வர்றதுக்கான மனுவ அங்கேருந்து கெளம்பறதுக்கு முன்னாடி இங்க நேர்ல வந்து குடுக்கணும். இப்போதைக்கு வருகிறேன்ங்கறத அடிச்சுட்டு, போகிறேன்னு மட்டும் எழுதுங்க."

ஆபரேட்டரின் பேனா நகரவில்லை. அவர் வீட்டில் தெருமுனைக் கடைக்குப் போனாலும் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனதில்லை. அதுவும் இந்த நேரத்தில், அக்கா விஷயத்தில், எழுத்தில்.

"சட்டுனு எழுதுங்க. பின்னால ஆள் நிக்குது."

பின்னால் யாரும் இல்லை. ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக "போகிறேன்" என்று எழுதினார். எழுத்தர் முத்திரையைக் குத்திவிட்டு எழுந்தார். பக்கத்து மேஜைக்காரரிடம், "சாப்பிடப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்கு அவர் இரண்டு மனு கொடுத்ததாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மனு கண்காணிப்பாளரின் மேஜைக்கு நகர்ந்தது. ஆபரேட்டரையும் எதிரே வந்து நிற்கச் சொன்னார்கள். அவர் கறாரான மனிதர். வாரியத்தில் சேர்ந்த நாள் முதல் எந்த மனுவையும் அவர் நிராகரித்ததில்லை. சந்தேகம் கேட்பதோடு சரி. சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் நூல் பிடித்து, இந்த ஊரையும் அந்த ஊரையும் நேர்கோட்டில் இணைத்தார். பிறகு விமானக் கம்பெனி கொடுத்த வழித்தடத்தைப் பார்த்தார். அது வடக்கே ஏறி, வில் மாதிரி வளைந்து இறங்கியது.

"நேரா ஒரு வழி இருக்கும்போது எதுக்குய்யா மேல போய் வளையறாங்க? நடுவுல யாரப் பாக்கப் போறாங்க?"

"தெரியல சார். பைலட்டுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் ஆபரேட்டர்.

எழுத்தர் அலமாரி மேலிருந்து தூசி படிந்த உலக உருண்டையை எடுத்து வந்தார். உருண்டையில் நூல் பிடித்தால் அது தானாகவே வடக்கே ஏறி இறங்கியது. வளைந்த வழிதான் குறுக்கு வழி என்று ஆயிற்று. கண்காணிப்பாளர் உருண்டையைக் கவிழ்த்தார். பிறகு உருண்டையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். அது அலங்காரப் பொருள் என்ற தலைப்பில் வாங்கப்பட்டிருந்தது. சுவர்ப்படமோ வாரியம் முறைப்படி அங்கீகரித்தது. ஆகவே அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை உலகம் தட்டை என்று முடிவாயிற்று. உருண்டை பழைய இடத்துக்குப் போனது.

"சரி, தூரத்த அப்புறம் பாப்போம். நேரத்துக்கு வாங்க. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குக் கெளம்புது. அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எறங்குது. ஆறு மணி நேரம்."

"பதினாறு மணி நேரம் ஆகும்னு சொன்னாங்க சார். அங்க மணி வேற."

"மணி எப்படிய்யா வேறயாகும்? வர்றதப் பாருங்க. ஞாயித்துக்கிழமை காலைல எட்டுக்குக் கெளம்பி, திங்கக்கிழமை காலைல ஒம்பதுக்கு வந்து சேர்றீங்க. இருபத்தஞ்சு மணி நேரம். போக ஆறு, வர இருபத்தஞ்சு. ரெண்டும் ஒரே வழி. அப்ப நடுவுல பத்தொம்பது மணி நேரம் எங்க போனீங்க?"

"எங்கயும் போகல சார். இன்னும் கெளம்பவே இல்ல."

"கெளம்பறதுக்கு முன்னாடியே பத்தொம்பது மணி நேரத்தக் காணோம். கெளம்பினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அது வாரியத்துக்குச் சொந்தமான நேரம். விளக்கம் எழுதிக் குடுங்க."

எழுத்தர் மெதுவாக, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறக்குறைய விமானக் கம்பெனி சொல்கிற நேரம் வருகிறதே என்றார். பாதியாக்குவதற்கு நமக்கு அதிகாரம் இல்லை என்று கண்காணிப்பாளர் அவரை உட்கார வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆபரேட்டர் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க ஆச்சு? பாஸ்போர்ட் குடுத்தாங்களா?" என்றாள் மனைவி.

"பத்தொம்பது மணி நேரம் எங்க போச்சுன்னு கேக்கறாங்க."

"எந்தப் பத்தொம்பது மணி நேரம்?"

"அது தெரிஞ்சா எழுதிக் குடுத்துட மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தார். அடுத்த நிமிடமே அவளிடம் கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. அவள் பெட்டியை இறக்கி, அவருடைய ஸ்வெட்டரை மடித்து உள்ளே வைத்தாள்.

புதன் முழுக்க மனு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வியாழன் மதியம் பிரிவின் இயக்குநர் அறையில் குழுக் கூட்டம். மறுநாள் காலை பத்து மணிக்கு விமானம். ஆபரேட்டரைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள். கை வியர்த்து, டிக்கெட் நனைந்துகொண்டிருந்தது.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். அவர் பேச ஆரம்பித்தால் ஃபேனைக் குறைத்து வைப்பது அந்த அலுவலகத்து மரியாதை.

"இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேருந்து நம்ம ஊழியர் ஒருத்தராவது தப்பான தூரத்துல போனதுண்டா? கிடையாது. ஏன்னா, ஒருத்தரையும் நாம போகவே விட்டதில்ல. இந்தப் பேர நாம காப்பாத்தணும். மத்த எடத்துல எல்லாம் மொதல்ல ஆள அனுப்பிட்டு அப்புறம் தூரத்தப் பத்திக் கவலப்படறாங்க. நாம அப்படி இல்ல. தூரம் சரியா இருந்தா ஆள் போகாட்டிக்கூடப் பரவாயில்ல. ஆபரேட்டருடைய சகோதரி மேல எனக்கு ரொம்ப அனுதாபம் உண்டு. அந்த அனுதாபத்தக் கூட்டக் குறிப்புல சேக்கச் சொல்லியிருக்கேன்."

எழுத்தர் சேர்த்தார்.

"சுவர்ப்படம் ஒண்ணு சொல்லுது, கம்பெனி ஒண்ணு சொல்லுது. போக ஒரு நேரம், வர ஒரு நேரம். இத நாமளே நேர்ல போய் அளந்தாதான் சரிப்படும். நானும் கண்காணிப்பாளரும் நாளைக்கே அந்த விமானத்துல போறோம். அறிக்கை வந்ததும் ஆபரேட்டருக்குச் சான்று குடுத்துடலாம். ஒரு மாசத்துல வேலை முடிஞ்சிடும்."

ஆபரேட்டர் கதவோரத்திலிருந்தே வாயைத் திறந்தார். "சார், நாளைக்குத்தான் சார் ஆபரேஷன்" என்றார். குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. குறிப்பில் அது ஏறவில்லை.

"நேரத்த எதுல அளக்கறது சார்?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். "விதிப்படி வாரியம் சீல் வச்ச கடிகாரத்துலதான் அளக்கணும்."

"எடுத்துட்டு வாங்க."

"ஒவ்வொரு பம்ப் ஹவுஸ்லயும் ஒண்ணு இருக்கு சார். ஆனா ஓடறது ஒண்ணுதான். இவர் பம்ப் ஹவுஸ்ல இருக்கறது."

"அப்ப அத எடுத்துட்டு வாங்க."

"பொறுப்புல இருக்கற ஆபரேட்டரத் தவிர வேற யாரும் அத இடம் மாத்தக் கூடாது சார். விதி."

குறைத்து வைத்த ஃபேன் கறக் கறக் என்று சுற்றியது. இயக்குநர் கதவோரம் நின்றவரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அவரையும் சேத்து எடுத்துட்டு வாங்க."

இப்படியாக இரும்பு அலமாரி திறந்தது. இயக்குநரும் கண்காணிப்பாளரும் தங்கள் பாஸ்போர்ட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சான்றுக்காக அளக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்குச் சான்று எதற்கு? ஆபரேட்டருக்குக் கிடைத்த உத்தரவில், அவர் கடிகாரத்தின் துணைப்பொருளாகப் பயணம் செய்வார், கடிகாரத்தையோ குழுவையோ விட்டு அகலக் கூடாது, சொந்த வேலை எதிலும் ஈடுபடக் கூடாது, மீறினால் வேலை போகும் என்று இருந்தது. அவரிடம் டிக்கெட் ஏற்கெனவே இருந்ததால் துணைப்பொருளால் வாரியத்துக்குச் செலவில்லை என்று கடைசி வரியில் பாராட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் ஆபரேட்டர் நடு இருக்கையில், மடியில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் இயக்குநர், அந்தப் பக்கம் கண்காணிப்பாளர். மரப்பெட்டிக்குள் இருந்த பழைய காலத்துச் சுவர்க் கடிகாரம் அது. கைக்குழந்தை அளவு இருந்தது, அழுகை மட்டும்தான் இல்லை. முகத்தில் சிவப்பு அரக்குச் சீல். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாவி கொடுக்காவிட்டால் நின்றுபோகும். அதனால்தான் ஆபரேட்டர் தண்ணீர் விடும்போதே இரண்டு வேளையும் சாவி கொடுத்து வந்தார். விமானத்திலும் கடிகாரம் மாலை நாலரை காட்டியபோது சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கடிகாரத்துக்குக் கொடுத்தார். இயக்குநர் அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே இருந்த சின்னத் திரை, இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று நிமிடத்துக்கு நிமிடம் காட்டியது. கண்காணிப்பாளர் அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார்.

"அது அவங்க கணக்கு. பாத்தா நம்ம அளவீடு கெட்டுப் போயிடும்."

கடிகாரத்தில் இரவு பத்து மணி ஆனபோது அவருக்கு இன்னொரு கவலை வந்தது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அளவீட்டுக் குழு இடம் பெயரக் கூடாது என்று விதி இருக்கிறது. விமானமோ பறந்துகொண்டே இருந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்த முடியுமா என்று கேட்டார். அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் விமானத்திடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொண்டார்.

ஆபரேட்டர் மனசுக்குள் ஒன்றே ஒன்று ஓடியது. நாலு மணிக்கு இறங்கினால், ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் ஒரு மணி நேரம். கெஞ்சிக் கேட்டால் இயக்குநர் ஒரு பத்து நிமிடம் விட மாட்டாரா? அவருக்கும் அக்கா தங்கை இருக்கும்தானே?

இறங்கினார்கள். சோதனை எல்லாம் முடிந்து வெளிக்கூடத்துக்கு வந்தபோது கண்ணாடிக்கு அப்பால் வெயில் பளீரென்று அடித்தது. விமான நிலையத்துச் சுவரில் மணி நாலரை. ஆபரேட்டரின் கையில் இருந்த கடிகாரத்தில் இரண்டரை.

இயக்குநர் வெயிலைப் பார்த்தார், சீல் வைத்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராத்திரி ரெண்டரை மணிக்கு வெயில் அடிக்குது. எழுதிக்கோங்க."

"இங்க நம்மள விடப் பத்து மணி நேரம் பின்னால இருக்காங்களாம் சார்" என்றார் கண்காணிப்பாளர்.

"பின்தங்கிய ஊர்னு எழுதிக்கோங்க."

ஆபரேட்டர் கைகூப்ப முடியாமல் கடிகாரத்தோடு குனிந்தார். "சார், ஆஸ்பத்திரி பக்கத்துலதான் சார். ஆறு மணிக்கு அக்காவ உள்ள கொண்டு போயிடுவாங்க. கடிகாரத்தையும் கொண்டு போறேன். நீங்களும் வாங்க. ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்."

"என்னய்யா, வெளையாடறீங்களா? ராத்திரி ரெண்டரை மணிக்குக் குழு எப்படி நகரும்? காலைல ஆறு மணி ஆகட்டும்."

"அந்தக் கடிகாரத்துல ஆறு ஆனா, இங்க எட்டு சார்!"

"இங்க என்ன ஆனா நமக்கென்ன? நாம வந்திருக்கறது நம்ம நேரத்துல" என்று இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து, அதிகாரப்பூர்வமான தூக்கத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டார். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. கண்காணிப்பாளர் துண்டை எடுத்து அவர் கண்ணை மூடினார்.

விமான நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. ஆபரேட்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடும். வீட்டு வாடகை, பையன் படிப்பு, எல்லாம் கண்முன் வந்தது. அதையெல்லாம் தாண்டி, போனில் கேட்ட அந்தப் பயந்த குரல் வந்தது. அவர் எழுந்தார். இயக்குநரின் மடியில் கடிகாரத்தை வைத்தார். தூக்கத்தில் இயக்குநரின் இரண்டு கையும் தானாக அதை அணைத்துக்கொண்டன. பிறகுதான் அவர் விழித்தார்.

"யோவ்! என்னது இது? நான் இதத் தொடக் கூடாதுய்யா!"

"ஆமா சார். கீழயும் வைக்கக் கூடாது. இடம் மாத்தின மாதிரி ஆயிடும்."

"எங்கய்யா கெளம்பிட்ட?"

"போறேன் சார்" என்றார் ஆபரேட்டர்.

இயக்குநரின் முகம் வெளுத்துவிட்டது. "போறேன்னா? போயிட்டு வரேன்னு சொல்லுய்யா!"

"அதுக்குத் தனி மனு குடுக்கணும் சார்."

டாக்ஸி ஊர்ந்தது. ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. ஆஸ்பத்திரியில் தப்பான லிப்ட்டில் ஏறி, தப்பான மாடியில் இறங்கி, படியில் ஓடினார். நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு நர்ஸ் தள்ளுபடுக்கையைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. பச்சைத் துணிக்குள் சின்னதாக ஒரு உருவம்.

"அக்கா!"

நர்ஸ் நின்றாள். அக்கா தலையைத் திருப்பினாள். ரொம்ப இளைத்திருந்தாள். தம்பியின் கையைப் பிடித்து, சின்ன வயதில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இப்படி வேர்த்துக் கெடக்கே. ரொம்பத் தூரமாடா?"

"தெரியலக்கா. இன்னும் அளந்துக்கிட்டு இருக்காங்க."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் தம்பியின் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தாள். நர்ஸ் மணியைப் பார்த்துவிட்டுப் படுக்கையை நகர்த்தினாள்.

"சரிடா, நான் போ..." என்று ஆரம்பித்தவள், அவர் முகம் மாறுவதைப் பார்த்து நிறுத்தினாள். "போயிட்டு வரேன்டா."

கதவு மூடியது. ஆபரேட்டர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பையில் விரலை விட்டபோது கடிகாரத்தின் சாவி தட்டுப்பட்டது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். ஆறரைக்குள் சாவி கொடுக்காவிட்டால் அது நின்றுவிடும் என்று நினைவு வந்தது. சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் இறங்கியது. தாழ்வாரத்து விளக்குகள் எரிந்தன. எத்தனை தடவை எழுந்து நடந்தார், எத்தனை தடவை உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் கதவு திறந்து, தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி வெளியே வந்தாள்.

"கண்ணு முழிச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க. வந்துட்டேன்னு தம்பிகிட்டச் சொல்லச் சொன்னாங்க."

ஆபரேட்டர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

விமான நிலையத்தில், கடிகாரத்தை மடியில் அணைத்தபடி இயக்குநரும் பக்கத்தில் கண்காணிப்பாளரும் காலை ஆறு மணிக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அப்போதும் மணி நாலரைதான்.